மரத்தின் மடியில் ஒரு குளம்



விருந்து முடிந்ததும் ஒரு தட்டில் அன்னாசித் துண்டுகள் வந்து சேரும். புளிப்பும் இனிப்பும் கலந்த அத்துண்டை நாம் சுவைக்கின்றோம். அதன் ஊர் எது, உறவு எது என்று கேட்பதில்லை.

அன்னாசி நம் மண்ணில் பிறந்ததன்று. தென் அமெரிக்கப் பழங்குடியினரின் துப்பி மொழியில் அதன் பெயர் 'நனாஸ்'. போர்த்துக்கீசியர் பழத்தோடு பெயரையும் சேர்த்தே கப்பலில் ஏற்றி வந்தனர் எனலாம். தமிழில் அன்னாசி; அரபியிலும் உருதுவிலும் அனானாஸ்; மலாய் மொழியில் நனாஸ். ஆங்கிலேயர் மட்டும் பைன் மரத்துக் காயின் சாயலைக் கண்டு பைனாப்பிள் என்று தனி வழி போயினர். கொலம்பஸின் கூட்டத்தார் 1493 நவம்பரில் கரீபியக் கடலிலுள்ள குவாதலூப் தீவில் இப்பழத்தை முதன்முதலாகக் கண்டனர். ஒன்றேகால் நூற்றாண்டுக்குள் அது ஆக்ராவுக்கே வந்துவிட்டது. ஐரோப்பியரின் துறைமுகங்களில் விளையும் இப்பழம் தமது குல் அஃப்ஷான் தோட்டத்தில் ஆண்டுதோறும் பல ஆயிரம் காய்ப்பதாக மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்துள்ளார்.

ஆயினும் இக்கட்டுரை அன்னாசியைப் பற்றியதன்று. அதன் உறவினரைப் பற்றியது. அன்னாசியாவது நம்மைப்போல் மண்ணை நம்பி வாழ்கின்றது. அதன் உறவினருட் பாதிக்கும் மேற்பட்டோர் மண்ணைத் தொடாமலே, மரக்கிளைகளின் மேல் வாழ்ந்து முடிக்கின்றனர்!

தாவர நூலார் இக்குடும்பத்தைப் புரோமிலியேசி என்பர். ஓலோஃப் புரோமிலியஸ் என்னும் சுவீடன் நாட்டு மருத்துவரின் நினைவாக, பிரெஞ்சுத் தாவர அறிஞர் சார்ல்ஸ் ப்ளூமியே இட்ட பெயரை ஒட்டி அமைந்தது இது. இன்று அறியப்பட்டுள்ள இனங்கள் 3,700-க்குக் குறையா. இவற்றைப் புரோமிலியாட் என்று அழைப்பது உலக வழக்கு; நாமும் அவ்வாறே அழைப்போம்.

இந்த 3,700-இல் ஒன்றே ஒன்று நீங்கலாக ஏனைய அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. வடக்கே அமெரிக்க ஐக்கிய நாட்டின் வர்ஜீனியா முதல் தெற்கே அர்ஜென்டினா, சிலி வரை இவை பரந்துள்ளன. ஆசியாவின் மழைக்காடுகளிலோ, நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலோ இயற்கையாக ஒன்றுகூட இல்லை. நம் காட்டு மரக்கிளைகளில் தொற்றி வளர்பவை ஆர்க்கிடுகளும் பெரணிகளுமே.

அந்த ஒன்று எங்கேயுள்ளது? மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டுப் பாறைச் சரிவுகளில். பிட்கேர்னியா ஃபெலிசியானா என்பது அதன் பெயர். ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்த நிலங்கள்தாமே, பிரிந்தபோது இது அங்கே தங்கிவிட்டிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். மரபணு ஆய்வோ வேறு விடை கூறுகின்றது. இக்குடும்பம் வடகிழக்குத் தென் அமெரிக்காவின் கயானா மேட்டுநிலத்தில் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியது. இன்றுள்ள கிளைகள் பிரியத் தொடங்கியதோ சுமார் 1 கோடியே 90 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னர்தான். கினியில் உள்ள செடியின் முன்னோர் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தது ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது கடல் என்றோ அகன்றுவிட்டிருந்தது. ஆகவே அது கண்டத்தோடு பிரிந்த செடியன்று. கடல் கடந்து குடியேறிய செடி. எந்தக் காற்று, எந்தப் பறவை அதன் விதையைச் சுமந்து சென்றதோ!

எங்கே மிகுதி?

மழைக்காடு என்றவுடன் நம் மனக்கண்ணில் நிற்பது அமேசான் சமவெளி. புரோமிலியாட் வகைகளும் அங்கேதான் மிகுதியாயிருக்கும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை அவ்வாறில்லை. ஆண்டீஸ் மலைச் சரிவுகளின் மேகக் காடுகள், பிரேசிலின் கிழக்குக் கடலோரமாக நீளும் அட்லாண்டிக் காடு, கயானா மேட்டுநிலம் ஆகியவையே இக்குடும்பத்தின் வளமான இல்லங்கள். பிரேசிலில் மட்டும் 1,300-க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவற்றின் தாயகம் அமேசான் அன்று, அட்லாண்டிக் காடே.

மண்ணில் வேரூன்றிய மரத்துக்கு இரண்டு வாரம் மழையில்லாவிடினும் நிலத்தடி ஈரம் உண்டு. கிளைமேல் அமர்ந்த செடிக்கு அந்த ஆறுதல் இல்லை. அதற்கு ஆண்டின் மொத்த மழையளவைவிட, ஈரம் அடிக்கடி வந்துகொண்டிருப்பதே முக்கியம். மலைச்சரிவுகளில் மூடுபனியும் மேகமும் ஓயாது தவழ்கின்றன. அதோடு, மலை ஏற ஏற வெப்பம், காற்று, வெளிச்சம் யாவும் மாறுகின்றன. ஒரு பள்ளத்தாக்கின் செடி அடுத்த பள்ளத்தாக்கைக் காணாமலே தனித்து வளர்ந்து, காலப்போக்கில் தனி இனமாகி விடுகின்றது. மலைகள் பிரிக்கப் பிரிக்க இனங்கள் பெருகின.

இக்குடும்பத்தின் எல்லைகளையும் சற்றுப் பாருங்கள். பெருவிலும் பொலிவியாவிலும் 3,000 மீட்டருக்கு மேல், மரமே வளராத குளிர்வெளியில், புயா ரைமொந்தி என்னும் செடி நிற்கின்றது. எண்பது ஆண்டுகளுக்கு மேலும் பூக்காமலே காத்திருந்து, பின் ஒரே முறை பல ஆயிரம் மலர்களோடு பூத்தண்டை உயர்த்தி, விதைகளை உதிர்த்துவிட்டு மடிகின்றது. பூத்த நிலையில் அதன் உயரம் ஏறத்தாழ 10 மீட்டர். இதற்கு நேர்மாறாக, ஸ்பானியப் பாசி எனப்படும் டில்லான்சியா கிளைகளிலிருந்து நரைத்த தாடிபோல் தொங்குகின்றது. அது ஸ்பெயினைச் சேர்ந்ததுமன்று, பாசியுமன்று! தென் அமெரிக்க நாடுகளில் மின்கம்பி மீதே குடும்பம் நடத்தும் இனமும் உண்டு. பெரு, சிலி நாட்டுக் கடலோரப் பாலைமணலில், கடல்மூடுபனியை மட்டுமே பருகி வாழும் இனங்களும் உண்டு.

மண் இல்லாமல் எப்படி?

மரத்தின் மேல் வளர்வதால் இவற்றைப் புல்லுருவி என்று கருதுவோர் பலர். அது தவறு. புல்லுருவி தன் வேரை மரத்தின் உடலுக்குள் செலுத்திச் சாற்றை உறிஞ்சுகின்றது. புரோமிலியாட் மரத்திடம் கேட்பது இடம் மட்டுமே. தாவர நூலார் இதனைத் தொற்றுத் தாவரம் என்பர். அதன் வேர், கிளையைப் பற்றிக்கொள்ளும் கை, உண்ணும் வாயன்று. வாய் இலையில் உள்ளது. இலையின் மேற்பரப்பில் நுண்ணிய செதில்கள் நிறைந்துள்ளன. ஈரம் பட்டவுடன் அவை நீரையும் அதிற் கரைந்த உப்புகளையும் உள்ளே வாங்கிக்கொள்கின்றன. உலர்ந்தவுடன் மூடிபோற் படிந்து, வாங்கிய நீர் ஆவியாகாமற் காக்கின்றன.

இக்குடும்பத்தின் பல இனங்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை ஏற்கும். இவையோ பகலில் மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறக்கின்றன. இரவில் வாங்கியதை அமிலமாகச் சேமித்து, பகல் வெளிச்சத்தில் உணவாக்குகின்றன. நம் தட்டிலுள்ள அன்னாசியும் அவ்வாறே வாழ்ந்த செடியின் பழம்தான்.

எல்லாவற்றினும் வியப்புக்குரியது இலையடுக்கு. பல இனங்களில் அகன்ற இலைகள் அடியில் ஒன்றையொன்று தழுவி ஒரு கிண்ணம்போல் அமைந்துள்ளன. மழைநீர் அக்கிண்ணத்திற் தேங்குகின்றது. சிறு செடியில் ஒரு குவளை நீர். பெரிய செடியில் 20 லிட்டர் வரை! மேலிருந்து விழும் சருகும் பூச்சியும் அந்நீரில் மக்கி எருவாகின்றன. ஆக, மண் கிடைக்காத செடி, தனக்கு வேண்டிய குளத்தையும் எருக்குழியையும் தன் மடியிலேயே அமைத்துக்கொண்டுள்ளது.

குளத்தின் குடிகள்

கோஸ்டாரிக்கா நாட்டைச் சேர்ந்த கிளொதோமிரோ பிக்காதோ என்ற இளைஞர் இக்குளங்களைத் துருவி ஆராய்ந்து, 1913-இல் பாரீஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு அளித்தார். ஏறத்தாழ 250 வகை உயிரினங்களை அவர் இக்கிண்ணங்களிற் கண்டார். பின்னாளில் பாம்பு நஞ்சு ஆய்வில் அவர் பெரும்புகழ் பெற்றார். விஷமுறிவு மருந்து தயாரிக்கும் நிறுவனம் ஒன்று இன்றும் அந்நாட்டில் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவருடைய அறிவுப் பயணம் தொடங்கியது இந்த இலைக் கிண்ணத்தில்தான்.

கயானா நாட்டின் கையெத்தூர் அருவியருகே ஆள் உயரத்தையும் மிஞ்சும் புரோக்கினியா செடிகள் வளர்கின்றன. அவற்றின் இலைக்கிண்ணத்திலேயே பிறந்து வளர்ந்து வாழும் பொன்னிறத் தவளை ஒன்று உண்டு. மத்திய அமெரிக்காவின் செந்நிற நச்சுத்தவளையோ, தலைப்பிரட்டைகளை ஒவ்வொன்றாக முதுகிற் சுமந்து மரமேறித் தனித்தனிக் கிண்ணங்களில் விடுகின்றது. பின் மறவாமல் திரும்பத் திரும்பச் சென்று, கருவுறா முட்டைகளை இட்டு அவற்றுக்கு உணவளிக்கின்றது.

எனினும் என் மனத்தைப் பெரிதும் கவர்ந்தது ஜமைக்கா தீவின் நண்டுதான். விரலிடுக்கில் அடங்கும் சிறு நண்டு அது. சுண்ணாம்புக் குன்றுகள் நிறைந்த அப்பகுதியில் மழைநீர் தரையிற் தங்காது வடிந்துவிடும். தன் குஞ்சுகளுக்கு அது தேர்ந்துகொண்ட நீர்நிலை புரோமிலியாட் கிண்ணமே. ஆனால் அந்நீர் அப்படியே குஞ்சுகளுக்கு ஏற்றதன்று. சருகு மக்குவதால் அமிலம் கூடுகின்றது, பிராணவாயு குறைகின்றது, ஓடு வளரச் சுண்ணாம்புச் சத்தும் இல்லை. 1980-களின் பிற்பகுதி முதல் இதை ஆராய்ந்தவர் ரூடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியர் (எஞ்சினைக் கண்டுபிடித்த டீசல் வேறு, இவர் வேறு). தாய் நண்டு கிண்ணத்திலுள்ள சருகுகளை எடுத்து வெளியே எறிவதை அவர் கண்டார். அதனால் நீரிற் பிராணவாயு கூடுகின்றது. அத்தோடு நில்லாமல், காலியான நத்தை ஓடுகளைத் தேடிக் கொணர்ந்து நீருக்குள் இடுகின்றது. ஓடு கரையக் கரைய அமிலம் தணிகின்றது. குஞ்சுகளுக்குச் சுண்ணாம்பும் கிடைக்கின்றது. கிணற்று நீரில் சுண்ணாம்பு இட்டுத் தெளியவைக்கும் நம் மூத்தோரின் வழக்கம் இங்கு நினைவுக்கு வருகின்றதல்லவா? மேலும் கரப்பான் பூச்சிகளையும் மரவட்டைகளையும் பிடித்துவந்து ஊட்டுகின்றது. குஞ்சுகளைத் தின்ன வரும் ஊசித்தட்டானின் இளம் புழுக்களை விரட்டுகின்றது. பல வாரங்கள் இப்பணி தொடர்கின்றது.

குற்றவாளிக் கூண்டில்

தேங்கிய நீர் என்றதும் வாசக சகோதரிகள் ஒரு வினாவை எழுப்பியிருப்பீர்கள்: "கொசு வராதா?" வரும். வந்தது. அதனால் இச்செடிகள் லட்சக்கணக்கில் அழிக்கவும் பட்டன. அக்கதையை மறைத்துவிட்டுப் புகழ் மட்டும் பாடுவது நேர்மையாகாது.

டிரினிடாட் தீவில் சதுப்பு நிலமே இல்லாத மலைச்சரிவுகளிலும் மலேரியா வாட்டியது. காரணம் விளங்காமற் பலர் திகைத்தனர். கொசு தரையில் இல்லை, தலைக்கு மேல் இருந்தது! அங்கே கொக்கோத் தோட்டங்கள் மிகுதி. கொக்கோவுக்கு நிழல் வேண்டி, நம் கல்யாண முருங்கையின் இனத்தைச் சேர்ந்த பெருமரங்களைத் தோட்டக்காரர்கள் நட்டிருந்தனர். அம்மரங்களில் புரோமிலியாட்கள் அடர்ந்து படர்ந்தன. அவற்றின் கிண்ணங்களில் அனாஃபிலிஸ் பெல்லேட்டர் என்னும் கொசு பெருகிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அங்கு அனுப்பப்பட்ட காலின் பிட்டெண்ட்ரை என்ற ஆங்கிலேய இளம் அறிஞர், எந்த இனம் மரத்தின் எந்த உயரத்தில், எவ்வளவு வெளிச்சத்தில் வளர்கின்றது என்று அளந்து வகைப்படுத்தினார். உச்சியின் வெயிலை விரும்புபவை, இடைக்கிளையில் அமைபவை, நிழலைப் பொறுப்பவை என ஒரே மரத்தில் மாடி மாடியாக இவை குடியிருப்பதை அவர் காட்டினார். கொசுக்கள் நாள்தோறும் குறித்த நேரத்திற் கடிக்க வருவதையும் அங்கேதான் அவர் கவனித்தார். உயிர்களின் உள்ளே இயங்கும் கடிகாரம் பற்றிய ஆய்வில் அவர் பின்னாளில் முன்னோடியானதற்கு அது வித்தாயிற்று.

டிரினிடாடில் இச்செடிகளைக் கையாற் பிடுங்கினர். பின் மயில்துத்தக் கரைசலைப் பீய்ச்சியடித்துக் கொன்றனர். செம்புச் சத்தை இவை சிறிதும் தாங்கா, நிழல்மரமோ பிழைத்துக்கொள்ளும். மருந்துகளும் பிற முயற்சிகளும் சேர, 1965-இல் அந்நாடு மலேரியா நீங்கிய நாடாக அறிவிக்கப்பட்டது. பிரேசிலின் தென்பகுதியான சான்டா கத்தரினாவிலும் 1940-களில் இதே போர் நிகழ்ந்தது. ஊர்களைச் சூழ்ந்த காட்டில் செடிகளைப் பிடுங்கினர். சில இடங்களிற் காட்டையே வெட்டினர். அச்செடிகளை இனம் பிரித்தறியும் பணியில் ஈடுபட்ட ரவுலினோ ரெய்ட்ஸ் என்னும் பாதிரியார், பிரேசிலின் சிறந்த தாவர அறிஞர்களுள் ஒருவரானார். புரோமிலியாட்களும் மலேரியாவும் பற்றிய அவரது பெருநூல் 1983-இல் வெளிவந்தது.

மலேரியாவால் துடிக்கும் குழந்தையைக் கண்ட தகப்பன் செடியைப் பிடுங்கியதில் குறை காண எனக்கு மனமில்லை. ஆயினும் டிரினிடாடில் வினையை விதைத்தது செடியா, வரிசை வரிசையாக மரம் நட்டுச் செடிக்கு மேடை அமைத்த தோட்டமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பின்னர் டெங்கு வந்தது. பிரேசிலின் நகரங்களில் மறுபடியும் பழி இச்செடிமேல் விழுந்தது. தோட்டங்களிலிருந்து பலர் பிடுங்கி எறிந்தனர். இம்முறை ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தனர். ரியோ தாவரவியல் பூங்காவில் 120 செடிகளில் ஓராண்டுக் காலம் சேகரித்த 2,816 இளம் கொசுக்களில், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி வெறும் 2! ஏனையவை பெரும்பாலும் காட்டுக்கே உரிய வேறு கொசுக்கள். 2009-இல் வெளியான இவ்வாய்வு செடிக்கு விடுதலை வாங்கித் தந்தது எனலாம். எனினும் வழக்கு முற்றிலும் முடிந்துவிடவில்லை. அமெரிக்காவின் மியாமி நகரில் 2016-இல் ஜிக்கா நோய் பரவியதையொட்டி நடந்த ஆய்வுகளில், வீட்டுத் தோட்டத்துப் புரோமிலியாட்களில் அதே ஏடிஸ் எஜிப்தி தாராளமாகக் காணப்பட்டது. ரியோ மாநிலக் காட்டோரங்களில் 2015, 2016 ஆண்டுகளில் குரங்குகளுக்குரிய ஒருவகை மலேரியா மனிதரைத் தொற்றியபோது, அதைச் சுமந்ததாகக் கருதப்பட்டது புரோமிலியாட் நீரில் வளரும் கொசுவே. இடத்துக்கு இடம் தீர்ப்பு வேறுபடுகின்றது. விசாரிக்காமல் தண்டிப்பதும் தவறு. விசாரிக்காமல் விடுவிப்பதும் தவறு.

குறுகிய வீடு

இதற்கிடையில், கொசுவுக்கு அஞ்சிப் பிடுங்கியதைவிடப் பன்மடங்கு இழப்பு வேறு வழியில் நேர்ந்துவிட்டது. பிரேசிலின் அட்லாண்டிக் காட்டில் பெரும்பகுதி கரும்புக்கும் காப்பிக்கும் கால்நடைக்கும் நகரங்களுக்கும் இரையாகிவிட்டது. எஞ்சியிருப்பது எட்டில் ஒரு பங்கு அளவே, அதுவும் துண்டு துண்டாக. 2008-இல் வெளியிடப்பட்ட பட்டியல் ஒன்று அக்காட்டில் 803 புரோமிலியாட் இனங்களைக் கணக்கிட்டது. அவற்றுள் 653 இனங்கள் உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஒரே குன்று, ஒரே பாறை முகடு எனச் சில இனங்களின் உலகம் முழுதும் அவ்வளவே. அக்குன்றை ஒரு கல்லுடைக்கும் ஆலை எடுத்துக்கொண்டால், அந்த இனத்துக்கு அடுத்த வீடு இல்லை.

அழகும் பகையாயிற்று. பிரேசிலின் புகழ்பெற்ற தோட்டக்கலை மேதை ரொபெர்த்தோ புர்லே மார்க்ஸ் (1909–1994) இச்செடிகளைக் காடுகளிலிருந்து அறிமுகப்படுத்தி, நகரத் தோட்டங்களின் அணியாக்கினார். ரியோ அருகில் அவர் வாழ்ந்த தோட்டம் 2021-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்துக் குரல் எழுப்பியவரும் அவரே. ஆனால் ஆசை பரவியபோது, காட்டிலிருந்து திருடி விற்போரும் பெருகினர். பாறைமேல் வளரும் அல்காந்தரேயா இம்பீரியாலிஸ் என்னும் பெருஞ்செடி பூக்கவே பல ஆண்டுகள் ஆகும். பூக்கும் முன் பிடுங்கப்பட்டால் விதை ஏது?

இப்பொழுது நம் நகரத்து நாற்றுப் பண்ணைகளிலும் செந்நிறப் பூமடலோடு குஸ்மேனியா என்ற புரோமிலியாட் தொட்டிகளில் விற்பனைக்கு வருகின்றது. இது பண்ணைகளில் வளர்க்கப்படுவது, காட்டிலிருந்து பறித்ததன்று. உங்கள் இல்லத்துக்கு வாங்குவீராயின், வாரம் இருமுறையேனும் நடுக்கிண்ணத்து நீரைச் சாய்த்துக் கொட்டிவிட்டுப் புதுநீர் ஊற்றுங்கள். கொசுப்புழு முதிர்வதற்குள் வெளியேறிவிடும். வேரில் நீர் தேங்க விடாதீர்கள், அது அழுகும். செம்புக் கலப்புள்ள பூச்சிக்கொல்லி எதையும் தெளிக்காதீர்கள். காரணம் மேலே கண்டீர்கள். பூமடல் சில மாதங்கள் நின்று வாடும். தாய்ச்செடி மறுபடி பூக்காது; மெல்ல மெல்ல உலரும். அதற்குள் அடியில் பக்கக்கன்றுகள் எழும்பும். அவை தாயின் உயரத்தில் மூன்றிலொரு பங்கு வளர்ந்தபின் பிரித்து வேறு தொட்டியில் நடலாம். அதற்கு முன் பிரித்தால் பெரும்பாலும் பிழைக்கா.